சமையல் மேடைக்கு எந்தக் கல்?

கேள்வி: நாமக்கல் அருகே வீடு கட்டி வருகிறோம். சமையல் மேடை 'எல்' வடிவத்தில் ஒரு பக்கம் 10 அடியும் மறுபக்கம் 7 அடியுமாக வருகிறது. கறுப்பு கிரானைட் போதும் என்கிறான் மகன். வெள்ளை குவார்ட்ஸ் வேண்டும் என்கிறாள் மருமகள். 'நானோ ஒயிட் போட்டால் பளிச்சென்று இருக்கும்' என்கிறார் மேஸ்திரி. வீட்டில் மூன்று வேளையும் சமையல் உண்டு. மேடை மேலேயே கிரைண்டரும் வைக்க வேண்டும். எந்தக் கல் சரியாக வரும்?

பதில்: கல்லின் அழகைப் பார்ப்பதற்கு முன், உங்கள் மேடை மேல் தினமும் என்னென்ன படப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் தயிரும் சிந்தும். இவை மூன்றும் அமிலத்தன்மை கொண்டவை. மஞ்சள்தூளும் எண்ணெயும் கறை பிடிக்கச் செய்யும். தாளித்த இரும்பு வாணலியை அவசரத்தில் அப்படியே மேடையில் இறக்கி வைப்பீர்கள். கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும், மேடை விளிம்பில் தேங்காய் உடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் எளிதில் போய்விடாது. இந்த நான்கையும் தாங்கும் கல்லே உங்களுக்கு ஏற்றது.

இந்தக் கணக்கில் மார்பிள் முதலிலேயே விலகிவிடுகிறது. அதன் அடிப்படைக் கனிமமான கால்சைட், அமிலம் பட்டவுடன் கரையத் தொடங்கும். எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் மங்கலான வட்டம் ஒன்று விழும். அது துடைத்தால் போகும் கறை அல்ல. கல்லின் மேல்தோலே அரிக்கப்பட்டிருப்பதால், மறுபடி பாலிஷ் போட்டால்தான் மறையும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது என்பதால் அதற்கும் இதே குறை உண்டு. மேடைக்குக் கீழே தாங்கு பலகையாகவும் அலமாரித் தட்டாகவும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், விலையும் குறைவு. மேல் பரப்புக்கு மட்டும் வேண்டாம்.

கடைகளில் கிரானைட் என்ற பெயரில் விற்கப்படும் கற்கள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு, ஆந்திரத்தில் ஓங்கோல் அருகே சீமகுர்த்தியில் எடுக்கப்படும் பிளாக் கேலக்ஸி போன்ற கறுப்புக் கற்கள், புவியியல் கணக்கில் டாலரைட், கேப்ரோ வகைப் பாறைகளாகும். அவற்றின் துகள்கள் இடைவெளியின்றி இறுகிக் கிடப்பதால் தண்ணீரையும் எண்ணெயையும் மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. வெளிர் நிறக் கற்களில் பலவற்றுக்கு இந்த இறுக்கம் இல்லை. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வெட்டியெடுக்கப்பட்டும் 'காஷ்மீர் ஒயிட்' என்ற பெயரிலேயே விற்கப்படும் கல் இதற்கு நல்ல உதாரணம். செம்புள்ளிகளாகக் கார்னெட் மணிகள் தெரியும் அந்தக் கல் பார்க்க மிக அழகானது. ஆனால் எண்ணெயை எளிதில் குடித்துவிடும். இரும்புச் சத்துள்ள வெளிர் கற்களை ஈரச் சிமென்ட் கலவையில் பதித்தால், சில மாதங்களில் உள்ளிருந்தே துருநிறம் ஏறி மஞ்சளாவதும் உண்டு. ஆகவே வெள்ளை கிரானைட் வாங்குவோர் சீலர் (கல் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) பூசுவதையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மருமகள் விரும்பும் குவார்ட்ஸ், பாறையிலிருந்து அப்படியே வெட்டி எடுக்கப்பட்ட கல் அல்ல. எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் குவார்ட்ஸ் துகளும் மீதம் பிசினும் நிறமியும் சேர்த்து ஆலையில் அழுத்தித் தயாரிக்கப்படும் பலகை அது. நுண்துளைகள் இல்லாததால் சீலர் தேவையில்லை. எலுமிச்சையும் புளியும் அதை அரிப்பதில்லை. நிறமும் சீராக இருக்கும். ஆனால் அதன் பலவீனம் அந்தப் பிசினில் இருக்கிறது. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிசின் பாதிக்கப்படத் தொடங்கும்; தாளிக்கும் எண்ணெயின் சூடு அதைவிட அதிகம். பிரிமணை இல்லாமல் வாணலியை வைத்தால் பழுப்புத் தடம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். நேரடி வெயில் விழும் ஜன்னலோரத்தில் வெள்ளைப் பலகை நாளடைவில் மஞ்சளாகும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

மேஸ்திரி சொல்லும் நானோ ஒயிட், கண்ணாடியைப் படிகமாக்கிச் செய்யப்படுவது. வெண்மைக்கு ஈடில்லை என்றாலும், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். அறுக்கும்போது விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். கீறல் விழுந்தால் சரிசெய்வதும் கடினம். கிரைண்டர் வைக்கும் மேடைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே அடுப்பும் சிங்க்கும் வரும் 10 அடிப் பக்கத்துக்கு அடர்நிறக் கிரானைட்டே சரி. அதிலும் முழுக் கறுப்பை விடப் புள்ளி கொண்ட கல் எனக்கு உகந்ததாகப் படுகிறது. கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பில் விரல்தடம், மாவுத்தூசி, போர்வெல் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு எல்லாம் அப்படியே தெரியும். (கறுப்பு வாஸ்துவுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் சொல்வது என் துறை அல்ல.) மருமகளின் விருப்பத்தையும் தள்ள வேண்டியதில்லை. அடுப்பில்லாத 7 அடிப் பக்கத்தில் வெயில் விழாது என்றால் அங்கே குவார்ட்ஸ் போட்டு, இரண்டு கற்களும் சேரும் இணைப்பை மூலையில் கொண்டுவந்து விடலாம்.

கடைக்குப் போகும்போது பெயரை நம்பாமல் பலகையை நம்புங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த அதே பலகையிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள். இன்னொரு மூலையில் எலுமிச்சைத் துண்டை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். பளபளப்பு மங்கினால் அது நல்ல கிரானைட் அல்ல, அல்லது சாயமேற்றப்பட்டது. வெளிறிய கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் நடக்கிறது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தால், துணியில் கருமை ஒட்டுவது அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முழுப் பலகையைத் தண்ணீர் ஊற்றி நனைத்து, காயும்போது கவனியுங்கள். சுற்றிலும் காய்ந்த பிறகும் ஈரமாக நிற்கும் கோடு விரிசலாக இருக்கக்கூடும். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால், பலகை பலவீனமானதா என்று கேளுங்கள். கனத்தை நான்கு பக்கமும் அளந்து, 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். சதுர அடி விலையில் விளிம்பு பாலிஷும் சிங்க், அடுப்புக்கான துளைகளும் அடங்குமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பல இடங்களில் விளிம்பு பாலிஷுக்கு ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது விளிம்பின் நீளத்துக்கு, தனியாகக் கேட்பார்கள்.

நல்ல கல்லும் தவறாகப் பதித்தால் உடையும். மேடை 2 அடி அகலம் என்று கொண்டால் உங்கள் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. 18 மில்லிமீட்டர் கறுப்புக் கல்லில் அதன் எடை மட்டுமே சுமார் 150 கிலோ வரும். கிரைண்டர் நிற்கும் இடத்தின் அடியில் சுவரோ தாங்கு பலகையோ கட்டாயம் இருக்க வேண்டும். சிங்க் துளைக்கு முன்னும் பின்னும் எஞ்சும் ஒடுங்கிய பட்டையே மேடையிலேயே பலவீனமான இடம் என்பதால், இணைப்பை அங்கே கொண்டுவர விடாதீர்கள். துளையின் மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைவாக வெட்டச் சொல்லுங்கள்; விரிசல் பெரும்பாலும் கூர்மூலையில்தான் தொடங்குகிறது. முன்விளிம்பைச் சற்று வெளியே நீட்டி, அரைவட்டமாக உருட்டி, அடியில் நீர் வடிய ஒரு காடி எடுத்துவிட்டால், சிந்தும் தண்ணீர் கீழே உள்ள கதவுப் பலகையை ஊறவைக்காது.

அறுக்கும் வேலையை வீட்டுக்குள் உலர்வாகச் செய்ய அனுமதிக்காதீர்கள். குவார்ட்ஸ் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கிறது. அறுப்புத் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இத்தகைய செயற்கைக் கற்பலகையையே தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. எதுவானாலும் தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும்.

கடைசியாக, டைல்ஸ் வேலை முடிந்த அன்று சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அது கல்லில் உள்ள இரும்பைத் துருவாக்கி மஞ்சள் திட்டுகளை உண்டாக்கும். அந்த வேலை தொடங்குமுன் மேடை முழுவதையும் தடித்த பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.