குரூப்பில் போட்டும் "தெரியாதே டீச்சர்" என்கிறார்களே, என்ன செய்வது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்து வீட்டுப்பாடம், அறிவிப்பு, போட்டோ எல்லாம் தினமும் போடுகிறேன். ஆனாலும் பாதிப் பேர் "எங்களுக்குத் தெரியாதே டீச்சர்" என்கிறார்கள். விளையாட்டு விழா அன்று ஏழெட்டுப் பிள்ளைகள் வழக்கமான சீருடையிலேயே வந்து நின்றார்கள். சில வீடுகளில் ஸ்மார்ட்போனே இல்லை. வகுப்பில் என்ன நடக்கிறது, பள்ளியில் என்ன நிகழ்ச்சி என்பதை எல்லா வீட்டுக்கும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: டீச்சர், முதலில் அந்த குரூப்பில் இருக்கும் நம்பர்கள் யாருடையவை என்று பாருங்கள். பெரும்பாலும் சேர்க்கையின்போது எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) பதியக் கொடுத்த நம்பராக இருக்கும், அதாவது அப்பாவின் நம்பர். அந்த அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், "நாளை மஞ்சள் சட்டை" என்ற செய்தியை அவர் அங்கே இரவு பத்து மணிக்குப் பார்ப்பார், இங்கே காலையில் பிள்ளைக்குத் தலைசீவி அனுப்புவது பாட்டி. நீங்கள் அனுப்பியதும் உண்மை, வீட்டுக்குத் தெரியாது என்பதும் உண்மை.

அதனால் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளை பேருக்கு எதிரிலும் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: காலையில் பிள்ளையைக் கிளப்பி அனுப்புவது யார், அவர் கைக்கு எந்த போன் எத்தனை மணிக்கு வரும், அவருக்கு எழுதி அனுப்பினால் போதுமா. இந்த மூன்றாவதைக் கேட்பதில்தான் கவனம் வேண்டும். "படிக்கத் தெரியுமா" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "எழுதி அனுப்பட்டுமா, பேசி அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள், யாருக்கும் கூச்சமில்லை.

அடுத்தது குரூப். செட்டிங்கில் போய் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றுங்கள். ஒரு அறிவிப்புக்கு அடியில் இருபது "ஓகே மேடம்", நாலு பூங்கொத்து, ஒரு காலை வணக்கம் வந்து விழுந்தால் அறிவிப்பு மேலே போய் மறைந்துவிடும், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரண குரூப்பில் எல்லா அம்மாக்களின் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், அதனால் வேண்டாத போன் வந்து குரூப்பை விட்டே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் கம்யூனிட்டியில் உள்ள அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்தினால் அட்மினைத் தவிர மற்றவர்களுக்கு நம்பர் தெரியாது. அறிவிப்புகளை அதற்கு மாற்றிவிடுவது நல்லது.

தினமும் வீட்டுப்பாடம் போடுவதை நிறுத்திவிடுங்கள், அது பிள்ளையின் நோட்டில் இருந்தால் போதும். பாடம் பற்றி வாரத்துக்கு ஒரு செய்தி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். எழுத்தில் ஒன்று, அதையே உங்கள் குரலில் ஒரு நிமிடத்துக்குள் ஒன்று. குரல் செய்தியைப் பாட்டிகள் கேட்பார்கள், பிள்ளையும் கூட நின்று கேட்கும். "தமிழ் பாடம் 4 முடிந்தது" என்று போட்டால் பெற்றோருக்கு அதில் ஒன்றுமில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இந்த வாரம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகள் படித்தோம். கெ, கே, செ, சே. பஸ் போர்டிலோ கடைப் பலகையிலோ இந்த எழுத்து இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ரெண்டும் குழம்பினால் திட்ட வேண்டாம், அடுத்த வாரமும் இதைத்தான் செய்யப்போகிறோம்." என்ன படித்தார்கள், வீட்டில் என்ன செய்யலாம், எதற்குக் கவலைப்பட வேண்டாம், மூன்றும் இதில் வந்துவிட்டது.

கணக்கில் இது இன்னும் முக்கியம். 42-இல் 17-ஐக் கழிக்க நீங்கள் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்து 12 உதிரியாக்கி, அதிலிருந்து 7 எடுக்கச் சொல்லிக் கொடுப்பீர்கள். வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ "பக்கத்தில் கடன் வாங்கு, அவ்வளவுதான்" என்பார். ரெண்டும் ஒரே கணக்கு என்று பெரியவர்களுக்குத் தெரியும், ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது, அது டீச்சர் தப்பா சித்தப்பா தப்பா என்று முழிக்கும். கட்டைப் பிரிக்கும் இடத்தை மட்டும் அரை நிமிட வீடியோவாக எடுத்து (உங்கள் கையும் குச்சியும் தெரிந்தால் போதும்) "இந்த மாதம் முழுக்க இப்படித்தான் செய்கிறோம்" என்று போடுங்கள். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கும் இதில் வேலை இருக்கிறது, 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று அவர் கடைவாசலில் கேட்கலாம். அவர் தினமும் போடும் கணக்குதானே.

எண்ணும் எழுத்தும் (எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் அரசுத் திட்டம்) வகுப்பு என்பதால், அதில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் பற்றிய கேள்வி எப்படியும் வரும். "பக்கத்து வீட்டுப் பிள்ளை மலராம், என் பிள்ளை ஏன் இன்னும் அரும்பு?" இதற்கு குரூப்பில் பதில் சொல்லவே கூடாது, நேரில்தான். அது ரேங்க் இல்லை, இப்போது எந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பிடிபடும் என்பதற்கான நிலை என்று சொல்லி, பிள்ளையின் நோட்டில் இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு பெரும்பாலும் பேச்சு பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு இந்தப் பிள்ளைக்கு வந்துவிடும்.

நிகழ்ச்சிகளுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும். பணம் செலவாகும் விஷயம், லீவு போட வேண்டிய விஷயம் என்றால் ஒரு வாரம் முன்னால், ஏனென்றால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் சம்பளம். பிறகு முந்தின நாள் சாயங்காலம் ஒரே வரி: என்ன உடை, எத்தனை மணி, என்ன கொண்டுவர வேண்டும். கூடவே, மஞ்சள் சட்டை இல்லாவிட்டால் இருப்பதைப் போட்டு அனுப்புங்கள் என்றும் சொல்லிவிடுங்கள், சட்டை இல்லை என்பதற்காகவே அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள்.

குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அல்பெண்டசோல் மாத்திரை, மென்று தின்ன வேண்டும், புழு அதிகம் இருக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் வயிற்று வலியோ குமட்டலோ வரலாம், பொதுவாகத் தானே சரியாகிவிடும், காய்ச்சலோ வேறு உடம்பு சரியில்லாமலோ இருந்தால் காலையிலேயே சொல்லுங்கள், இவ்வளவுதான் செய்தி. சொல்லாமல் கொடுத்து ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், மதியத்துக்குள் பள்ளி வாசலில் கூட்டம் கூடிவிடும்.

போன் இல்லாத வீடுகளுக்குப் பழைய வழிதான், ஆனால் அச்சடித்த சீட்டு வேண்டாம், அது பையிலேயே கசங்கிக் கிடக்கும். கரும்பலகையில் ஒரு வரி எழுதி எல்லாரையும் நோட்டில் எழுத வையுங்கள், இரண்டாம் வகுப்புக்கு அது எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று, தன் கையால் எழுதியதைப் பிள்ளை வீட்டில் காட்டாமல் இருக்காது. காலை உணவு சமைக்க வரும் மகளிர் குழுப் பெண்களிடமும் சொல்லிவையுங்கள். கிராமத்தில் அவர்கள் அநேகமாக அதே பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான், பத்து மணிக்கு அவர்கள் தெருவுக்குத் திரும்பும்போது செய்தியும் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர்களில் தெருவுக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை அடித்தது, கடித்தது, படிக்கவில்லை, வரவில்லை, இதெல்லாம் அந்த வீட்டுக்கு மட்டும், முடிந்தால் போனில் பேசி. கல்வி உரிமைச் சட்டம் 24-வது பிரிவில், பெற்றோரைத் தவறாமல் சந்தித்து பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாம் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமை என்றே எழுதியிருக்கிறார்கள், குரூப்பில் போட்டுவிட்டேன் என்பது அந்தச் சந்திப்புக்கு ஈடாகாது. வர முடியாத அம்மாவுக்காக மாதத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணி வரை இருக்க முடியுமா என்று ஹெச்.எம்மிடம் கேட்டுப் பாருங்கள்.

போட்டோ விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். பிள்ளைகள் வரைந்த படம், செய்த பொம்மை போடலாம். முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் சொந்த ஸ்டேட்டஸில் வகுப்புப் பிள்ளைகளைப் போடவே வேண்டாம்.

அப்புறம் உங்கள் நேரம். "மாலை 5 முதல் 7 வரை கூப்பிடலாம், அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும்" என்று குரூப் விவரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். இரவு பத்தரைக்கு வரும் "நாளைக்கு ஸ்கூல் உண்டா மேடம்" என்ற கேள்விக்கு, மழைக்காலமாக இல்லாதபட்சத்தில், காலையில் பதில் சொன்னால் போதும்.