மர்மத் தொடர் முடியப்போகுது என்றால் ஏன் இவ்வளவு பதற்றம்?

விமானம் விழுந்து ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘லொஸ்ட்’ முடியிற நேரம் ரசிகர்கள் ஏன் அப்படிச் சண்டை பிடித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். (இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்துங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன்.)

எல்லா மர்மத்துக்கும் விடை வரும் என்ற நம்பிக்கை வந்தது ஒரு திகதியால். ஆட்கள் பார்க்கும்வரை இழுப்பதுதான் அமெரிக்கத் தொடர்களின் வழக்கம். இதற்கு மட்டும் 2007 இலேயே, இன்னும் 48 அத்தியாயங்கள், 2010 இல் முடிவு என்று அதை ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சி அறிவித்துவிட்டது. அப்போ எழுதுறவனுக்கு முடிவு தெரியும் என்று நினைத்தோம்.

சந்தேகம் வந்தது விடை வராமல் மிச்சம் கிடந்த கேள்விகளால். வெள்ளவத்தையில் எங்கட வீட்டில் அண்ணா ஒரு சிஆர் கொப்பியில் கேள்விகளை எழுதி, விடை வந்தால் சிவப்புப் பேனையால் வெட்டுவார். வெப்பத் தீவில் பனிக்கரடி எப்படி? ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தது, வெட்டியாச்சு. தொடரில் திரும்பத் திரும்ப வந்த 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்கள்? கடைசிப் பருவத்தில் அவற்றைச் சில பாத்திரங்களின் பெயர்களோடு ஒட்டினார்கள், ஆனால் ஏன் அந்த எண்கள் என்பதற்குத் தொடருக்குள் ஒழுங்கான விடை இல்லை. அது வெட்டாமலே கிடந்தது.

2010 மே 23 அன்று அமெரிக்காவில் முடிந்தது. பிறகு நாங்கள் டிவிடியில் பார்த்தபோது அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, “அப்ப இவங்கள் முதல் நாளே செத்துட்டாங்களோ?” என்றா. நிறையப் பேர் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள், அது பிழை. தீவில் நடந்தது எல்லாம் உண்மை. கடைசிப் பருவத்தின் மற்றக் கிளைக்கதை மட்டும்தான் இறந்த பிறகு நடப்பது.

எனக்கு முடிவு பிடித்தது. அண்ணா இன்னும் கோபம்.