உலோகமா, அலோகமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

உலோகங்கள், அலோகங்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒரே அறையில்தான் இரண்டும் கிடக்கின்றன. இரும்பு நாற்காலி சில்லென்று இருக்கிறது, மர நாற்காலி அப்படி இல்லையே. இரும்பின் வெப்பநிலை குறைவா?

பதில்: இல்லை. வெப்பமானியை வைத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரே அளவுதான் காட்டும். நம் தோல் வெப்பநிலையை அப்படியே அளப்பதில்லை. கையிலிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் பெரும்பாலும் உணர்கிறது. இரும்பு அந்தச் சூட்டை வாங்கி உள்ளே கடத்திக்கொண்டே இருக்கும். மரத்தில் தொட்ட இடம் மட்டும் லேசாகச் சூடாகும், அவ்வளவுதான்.

காரணம் எலக்ட்ரான்கள். உலோக அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக்கிடப்பதில்லை, உலோகம் முழுக்க ஊர்சுற்றுகின்றன. மின்சாரம் பாய்வது, பளபளப்பு, அடித்தால் உடையாமல் தகடாவது எல்லாமே அவற்றின் வேலைதான். கந்தகத்தைச் சுத்தியலால் தட்டினால் பொடிப்பொடியாகிவிடும். அதில் அப்படிச் சுற்றும் எலக்ட்ரான்கள் கிடையாது.

கேள்வி: அலோகம் மின்சாரத்தைக் கடத்தாது என்று படித்தோம். கிராஃபைட் மட்டும் எப்படிக் கடத்துகிறது?

பதில்: அதுவும் ஊர்சுற்றும் எலக்ட்ரான் கதைதான். கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் பக்கத்திலுள்ள மூன்று அணுக்களோடுதான் நேரடியாகப் பிணைகிறது. வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களில் மிச்சமுள்ள ஒன்று அந்த அடுக்கு முழுக்கத் திரிகிறது. பென்சிலின் இரு முனையையும் சீவி, 1.5 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து, நடுவில் ஒரு சிவப்பு எல்இடியையும் சேர்த்துப் பாருங்கள், எரியும். (எரியாவிட்டால் எல்இடியின் கால்களை மாற்றிப் பொருத்துங்கள்.) பென்சிலுக்குள் இருப்பது ஈயம் அல்ல; கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது.

வைரமும் கார்பன்தான். ஆனால் அதில் நான்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் மாட்டிக்கொள்வதால் மின்சாரம் போகாது. வேடிக்கை என்னவென்றால், சூட்டைக் கடத்துவதில் வைரம் செம்பையே மிஞ்சிவிடும். அங்கே சூட்டைச் சுமப்பது எலக்ட்ரான் அல்ல, இறுக்கமான அணுக்கட்டமைப்பின் அதிர்வு.

கேள்வி: மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிதானே முதல்? பிறகு ஏன் செம்புக் கம்பி?

பதில்: விலை. செம்பு மிக நெருங்கிய இரண்டாவது இடம், வேறென்ன வேண்டும்? உயரத்தில் தொங்கும் மின்கம்பிகளுக்கு அலுமினியம். செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அடர்த்திதான் அதற்கு. தங்கம் மூன்றாவது இடம்தான் என்றாலும் கறுக்காது, துருப்பிடிக்காது. அதனால் இணைப்பு முனைகளில் அதை மெல்லிய பூச்சாகப் போடுகிறார்கள்.

கேள்வி: சோடியத்தை மண்ணெண்ணெயிலும் பாஸ்பரஸைத் தண்ணீரிலும் வைப்பது ஏன்?

பதில்: சோடியம் தண்ணீரோடு கடுமையாக வினைபுரியும், வெண்பாஸ்பரஸ் காற்றில் தானே தீப்பிடிக்கும். மாற்றி வைத்துவிடாதீர்கள்!

கேள்வி: வெள்ளி நகை கறுத்துவிட்டது. தேய்க்காமல் சுத்தம் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகப் பிடித்த வேதியியல் இது. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு. தேய்த்தால் அதோடு வெள்ளியும் கொஞ்சம் போய்விடும்.

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி நகையை வையுங்கள். சமையல் சோடா ஒரு தேக்கரண்டி போட்டு, நன்றாகச் சூடான தண்ணீரை ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு மங்கும், அழுகிய முட்டை வாடை லேசாக வரும். வெள்ளியைவிட அலுமினியம் எலக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்கும். அதைப் பெற்றுக்கொண்டு சல்பைடிலிருந்த வெள்ளி மறுபடி வெள்ளியாகிவிடுகிறது. சோடா, அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைக்க உதவுகிறது. நகை தாளைத் தொடாவிட்டால் சரியாக வேலை நடக்காது, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முத்து, கல் பதித்தவற்றையும், அழகுக்காகவே கறுப்பேற்றியவற்றையும் இதில் போடாதீர்கள்.

கேள்வி: காந்தம் ஒட்டினால் அது போலி எவர்சில்வர் என்கிறார்களே?

பதில்: தவறு. நிக்கல் போதிய அளவு சேர்த்த வகைகளில் காந்தம் ஒட்டாது. குரோமியம் மட்டும் சேர்த்த வகைகளில் ஒட்டும், அதுவும் அசல்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் தேவை.

கேள்வி: பழைய பாதரச வெப்பமானி உடைந்துவிட்டது. துடைப்பத்தால் கூட்டலாமா?

பதில்: கூடாது, உருண்டைகள் இன்னும் சிறிதாகச் சிதறும். வாக்குவம் கிளீனரும் வேண்டாம், ஆவியைப் பரப்பிவிடும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறங்கள். கையுறை போட்டுக்கொண்டு, கெட்டியான அட்டை இரண்டால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளுங்கள், தொட்டதும் சேர்ந்துகொள்ளும். மூடி இறுகும் புட்டியில் போட்டு, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்.