அப்பாவுக்கு ரோபோ ஒப்பரேஷன்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய், அந்தப் பகுதியை எடுக்க வேண்டுமாம். இங்கேயே கேமரா வைத்துச் செய்யலாம் என்கிறார்கள். மாமா, சென்னைக்குக் கொண்டுபோய் ரோபோவில் செய்யச் சொல்கிறார். அப்பாவின் ஈ.பி.எப். காசை எடுக்கலாமா? (ஹட்டனிலிருந்து ஒரு மகள்)

பதில்: மகள், அந்தக் காசில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. டொக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கையை அசைக்க, இயந்திரக் கைகள் நெஞ்சுக்குள் அப்படியே அசைகின்றன, அவ்வளவுதான். இரண்டு முறையிலும் விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளைகள் போட்டு, அந்தப் பக்க நுரையீரலைச் சுருங்க வைத்து, அதே பகுதியையும், புற்றுநோய் பரவக்கூடிய பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கிறார்கள். கேமரா முறையில் கருவிகள் நீளமாக, நேராக இருக்கும். ரோபோவின் கருவி நுனி மணிக்கட்டு மாதிரி வளையும், படத்தில் ஆழமும் தெரியும், அதனால் இடுக்கான இடத்தில் வேலை செய்ய டொக்டருக்கு வசதி. ரோபோவில் அந்த முடிச்சுகள் சில ஆய்வுகளில் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்திருக்கின்றன. ஆனால் அதனால் நோயாளி கூடுதல் காலம் வாழ்கிறார் என்று உறுதியாகக் காட்டிய ஆய்வு இல்லை. செலவு மட்டும் நிச்சயம் கூட.

உண்மையான பெரிய வித்தியாசம் நெஞ்சை அகலத் திறந்து செய்வதற்கும் துளை வழியாகச் செய்வதற்கும் இடையில்தான். பிரித்தானியாவில் 503 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வில், கேமரா முறையில் செய்துகொண்டவர்கள், திறந்து செய்துகொண்டவர்களைவிட வலி குறைவாக, சீக்கிரமாக எழுந்து நடமாடினார்கள். அந்த நன்மை அப்பாவுக்கு இங்கேயே கிடைக்கப் போகிறதே! திறந்துதான் செய்ய முடியும் என்று பிறகு சொன்னால் மட்டும், வெலிசறை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் இன்னொரு கருத்துக் கேட்டுப் பாருங்கள்.

டொக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதே ஒப்பரேஷனை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? நடுவில் இரத்தம் கசிந்தால் திறப்பீர்களா? திறக்க வேண்டி வரலாம், ரோபோவிலும்தான்.

இன்னொன்று, சென்னையில் செய்தால் உடனே விமானம் ஏற முடியாது, நெஞ்சில் காற்று தங்கவில்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும்வரை அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து ராத்திரியில் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், அவருக்கு ஒப்பரேஷன் செய்த டொக்டர் கடல் தாண்டி இருப்பார்.

அப்பா சுருட்டோ பீடியோ குடிப்பவர் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஒப்பரேஷனுக்கு முன் செய்யும் மூச்சுப் பரிசோதனை முடியும்வரை தினமும் லயத்துப் படியில் மெதுவாக ஏறி இறங்கட்டும், எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது என்று குறித்துக்கொண்டு போய் கிளினிக்கில் சொல்லுங்கள்.