நோயைப் பார்க்கும் முன்பே பன்னிரண்டு சிட்டிங்கா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. கேட்டால் 'கேஸ் டிரபிள்' என்கிறார். தெரிந்தவர் சொன்ன கவுன்சலிங் சென்டரில் 12 சிட்டிங்குக்கு 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஆளைப் பார்க்கும் முன்பே 12 சிட்டிங் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சொல்லி அனுப்பியவருக்குக் கமிஷன் போகும் இடங்களும் உண்டு. மனநல மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு இருக்கும். கிளினிகல் சைக்காலஜிஸ்டுக்கு (பேச்சு சிகிச்சை தரும் உளவியல் நிபுணர்) ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்கும். பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம், அதுதான் பழக்கமாகிவிடும்.

சாதாரண வருத்தம் பிள்ளைகள் சிரித்தால் கொஞ்சமாவது விலகும். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுக்க, எதிலும் நாட்டமில்லாமல் தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நம் ஊர் ஆண்கள் மனசைச் சொல்ல மாட்டார்கள். வயிறு, நெஞ்சு என்றுதான் சொல்வார்கள். தைராய்டும் ரத்தசோகையும்கூட ஆளைச் சோர்த்துவிடும். டாக்டரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வாரக் கணக்கு ஒரு இடத்தில் செல்லாது. "நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்" என்று அவர் சொன்னால், பாலிசி, பாஸ்புக் இருக்கும் இடத்தை வலியக் கூப்பிட்டுக் காட்டினால், இத்தனை நாள் தவித்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், அன்றைக்கே அழைத்துப் போங்கள். தனியாக விடாதீர்கள். சாகவேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டவுடன் உடைந்து அழுது எல்லாவற்றையும் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். நள்ளிரவிலும் 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி லைனில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளிலும் இதற்கான ஓ.பி. உண்டு. காலையிலேயே போங்கள். கூட்டத்தில் டாக்டரால் நிதானமாகப் பேச முடியாது. அங்கே டாக்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிக்கிறது. அந்த நெரிசலுக்குப் பயந்துதான் ஜனங்கள் சென்டர்களில் போய் மாட்டுகிறார்கள். டாக்டருக்கு நேரம் குறைவு என்பதால் தூக்கம், பசி, எடை, எப்போதிலிருந்து என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். சரியான பிறகும் சில மாதம் தொடரவேண்டும். அவர் வர மறுத்தால், தூக்கத்துக்காக டாக்டரைப் பார்க்கலாம் என்று கூப்பிடுங்கள். அப்படியும் வரவில்லையா, முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள்.