எஃப்-1 எனும் அமெரிக்க மாணவர் விசாவில் உள்ளவர் விளம்பரப் பணம் வாங்கலாமா?

வணக்கம் ஐயா. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கராக (பந்தை உதைக்கும் வீரராக) ஆடும் உங்கள் மகனுக்கு, அவ்வூர்க் கார் விற்பனையாளர் ஒருவர் விளம்பரத்துக்காக ஆயிரம் டாலர் தர முன்வந்திருப்பதாகவும், சக வீரர்கள் வாங்குவதால் அவரும் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு அவரைக் கையெழுத்திட விடாதீர்கள்.

மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்க 2021 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு அனுமதிக்கிறது. நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். ஆனால் இவை விளையாட்டு விதிகள்தாம். குடிவரவுச் சட்டம் மாறவில்லை. எஃப்-1 மாணவர் அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே வேலை பார்த்தால் விசாத் தகுதியே பறிபோகலாம். கார் அருகே நின்று படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் இடுவதும் வேலையாகவே கருதப்படக்கூடும். பணத்துக்குப் பதில் ஓட்டிக்கொள்ளக் காரைக் கொடுத்தாலும் சிக்கல் தீராது. மாணவர் விசாவில் இருந்த கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கார் சிப்வே, 2022இல் அணியுடன் அமெரிக்காவுக்கு வெளியே பஹாமாஸ் சென்றபோது அங்கே விளம்பர வேலைகளைச் செய்தது இதனால்தான்.

ஒரே களத்தில் ஆடுபவர்களுக்குள் இந்தப் பாகுபாடு அநியாயம் என்றே நானும் கருதுகிறேன். எனினும், ஒப்பந்த வரைவைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடமும், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டி, எழுத்து வடிவில் பதில் பெற்ற பிறகே அவர் அடுத்த அடி எடுத்து வைக்கட்டும்.