பேசிக்கிட்டே ஓடுங்க! – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஓட்டம் பத்தின கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். ஜனவரியில சென்னை மாரத்தான் வருதுங்கறதாலயோ என்னவோ, வந்ததுல முக்காவாசி அதைப் பத்தித்தான். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து பதில் சொல்லியிருக்கேன்.

சார், எனக்கு 34 வயசு, ஐடி வேலை. ஆபீஸ்ல நாலு பேரு சேர்ந்து ஜனவரி மாரத்தான்ல 21 கிலோமீட்டருக்கு பேர் கொடுத்துட்டோம். இப்ப 5 கி.மீ. 32 நிமிஷத்துல ஓடுறேன், முடிக்கும்போது நாக்கு தள்ளிடுது. இதே மாதிரி நாலு மடங்கு ஓடணும்னு நெனச்சாலே வயித்தக் கலக்குது. நாலு மாசம் போதுமா? – பெருங்களத்தூர் வாசகர்

தாராளமா போதும். ஆனா இப்ப ஓடுற மாதிரியே ஓடினா ஒரு வருஷம் ஆனாலும் பத்தாது.

32 நிமிஷத்துல 5 கி.மீ.ன்னா ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷத்துக்கும் கம்மி, அதாவது ஒவ்வொரு நாளும் நீங்க உங்களுக்கு நீங்களே ஒரு ரேஸ் வச்சுக்கிட்டு இருக்கீங்க. நாக்கு தள்ளுறது தூரத்தால இல்ல, வேகத்தால. நாளைக்கே ஏழரை நிமிஷம், எட்டு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர்னு ஓடிப் பாருங்க. பக்கத்துல ஓடுறவர்கிட்ட வீட்டுக் கதைய முழு வாக்கியமா பேச முடியணும், ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்குனா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். தனியா ஓடுறவங்க ஏதாவது பாட்டு முணுமுணுத்துப் பாக்கலாம், தெருவுல ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும். வாட்ச்ல ஹார்ட் ரேட் ஜோன் அது இதுன்னு காட்டுறதையெல்லாம் முதல் ரெண்டு மாசத்துக்கு கண்டுக்காதீங்க.

எட்டு நிமிஷ வேகத்துலயே போனாக்கூட 21.1 கி.மீ. ரெண்டு மணி ஐம்பது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். நீங்க பேர் கொடுத்த ரேஸோட கட்-ஆஃப் நேரம், அதாவது அதிகபட்சம் எவ்வளவு நேரத்துக்குள்ள முடிக்கணும்னு வச்சிருக்காங்க,ன்னு மட்டும் ஒரு தடவ பாத்து வச்சுக்கோங்க.

வாரத்துக்கு நாலு நாள் ஓடினா போதும். மூணு நாள் 4, 5 கி.மீ. சாதாரணமா. ஞாயித்துக்கிழமை மட்டும் நீள ஓட்டம், 6-ல ஆரம்பிச்சு வாராவாரம் ஒரு கிலோமீட்டர் ஏத்துங்க, மூணு வாரம் ஏத்திட்டு நாலாவது வாரம் கொஞ்சம் இறக்குங்க, அப்பதான் உடம்பு தேறும். ரேஸுக்கு மூணு வாரம் முன்னாடி 16, 17 வரைக்கும் வந்தா சரி. 21-ஐ முன்னாடியே ஒரு தடவ ஓடிப் பாத்துடணும்னு சில பேருக்கு ஆசை வரும், தேவையே இல்ல, மிச்சத்த அன்னிக்குக் கூட்டமே ஓட வச்சிடும். கடைசி ரெண்டு வாரம் தூரத்த நல்லா குறைங்க. அப்ப காலெல்லாம் துறுதுறுன்னு இருக்கும், அந்த நேரத்துல போய் ஆபீஸ் கிரிக்கெட் மேட்ச்ல காலை சுளுக்கிக்காம இருந்தா சரி.

இப்படி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மூச்சும் இதயமும் சில வாரத்துலயே தேறிடும், ஆனா தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்கா ஆகும். "அட, இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போலாமே"ன்னு தெம்பா தோணுற அந்த ஆறாவது, ஏழாவது வாரத்துலதான் நெறைய பேரு கால்ல கட்டோட உக்காந்திருக்காங்க.

இன்னொண்ணு, செப்டம்பர்ல சென்னைப் புழுக்கத்துல வேர்வை வழியுமே தவிர காயாது, உடம்பு சூடு இறங்காது, அதனால இதயம் எப்பவும் விட வேகமா அடிக்கும். அப்ப வேகம் குறைஞ்சா பயப்படாதீங்க, மார்கழி விடியக்காலைல அதே கால் தானா வேகம் புடிக்கும். நடுவுல அக்டோபர், நவம்பர் மழை வேற இருக்கு, தண்ணி தேங்கின ரோட்டுல எங்க குழி எங்க மேன்ஹோல்னு தெரியாது, அன்னிக்கு லீவு விடுங்க. விட்டுப்போன ஓட்டத்த அடுத்த நாள் சேத்து ஓடி ஈடுகட்ட வேண்டாம்.

அண்ணா, 7 கி.மீ.க்கு மேல நடுவுல நடந்துடுறேன். குரூப்ல கிண்டல் பண்றாங்க. நடந்தா அது ஓட்டத்துல சேருமா? – திருச்சி வாசகர்

சேரும் தம்பி. 1972 ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடின அமெரிக்கர் ஜெஃப் காலோவே, ஓட்டத்துக்கு நடுவுல திட்டம் போட்டு நடக்குறதையே ஒரு முறையா சொல்லிக் கொடுத்தவர். சூட்சுமம் என்னன்னா, முடியாம போன பிறகு நடக்கக் கூடாது, முதல் கிலோமீட்டர்ல இருந்தே நடக்கணும். நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடைன்னு வச்சுக்கோங்க. கிண்டல் பண்ணவங்கள்ல ரெண்டு பேரையாவது 17-வது கிலோமீட்டர்ல தாண்டிப் போவீங்க, அப்ப ஒரு வணக்கம் போட்டுட்டுப் போங்க.

எனக்கு 41 வயசு. தெப்பக்குளத்தைச் சுத்தி தினம் நடக்குறேன், ஓடணும்னு ஆசை. ஆனா எல்லாரும் பாக்குறாங்க, நாய்த் தொல்லை வேற. சீக்கிரமே களைச்சும் போயிடுறேன். – மதுரை வாசகி

பாக்குறவங்க ஒரு வாரம் பாப்பாங்க, அப்புறம் அவங்களுக்கே சலிச்சிடும்னு சொல்லலாம்தான், ஆனா அந்த ஒரு வாரம் எப்படி இருக்கும்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். நடக்க வர்றவங்கள்ல ஒருத்தர் ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு ஓட ஆரம்பிங்க. நாய் துரத்தினா ஓடாதீங்க, நின்னு நடங்க, ஓடுறதைத்தான் அது துரத்தும். கடிச்சிடுச்சுன்னா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி போட்டுக்கணும், சின்னக் கீறல்தானேன்னு விடக் கூடாது.

களைப்பு விஷயத்துல ஒண்ணு சொல்றேன் அம்மா, ரத்தத்துல ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்புல சேத்து வச்சிருக்கிற இரும்புச்சத்தோட அளவு) பாத்துடுங்க. நம்ம ஊர்ல பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவு ரொம்ப சாதாரணம், அதோட ஓடினா எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும், "வயசாயிடுச்சு"ன்னு நாமளே முடிவு பண்ணி நிறுத்திடுவோம். அப்புறம் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவு பண்ணத் தயங்காதீங்க, ஷூவுக்கு அடுத்த செலவு அதுதான்.

முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு வலிக்குது. 15,000 ரூபாய் ஷூ வாங்கினா சரியாகும்னு கடைக்காரர் சொல்றார். – ஆவடி வாசகர்

கடைக்காரர் வேற என்ன சொல்வார்!

முதல்ல உக்காந்து, அந்த எலும்போட உள்பக்க ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் கட்டைவிரலால அழுத்திக்கிட்டே வாங்க. ஒரு சாண் நீளத்துக்கு பரவலா வலிச்சா அது ஷின் ஸ்பிளின்ட்ஸா, அதாவது ஓட்டச் சுமையால அந்த எலும்பு ஓரம் நொந்துபோறதா, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், புதுசா ஓடுறவங்களுக்கு சகஜம். தூரத்தப் பாதியா குறைச்சு, ரெண்டு மூணு வாரம் மெதுவா ஓடி, மாடிப்படி விளிம்புல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்குற பயிற்சி தினம் பண்ணினா பெரும்பாலும் அடங்கிடும். அப்படி இல்லாம ஒரு ரூபாய் காசு அளவு ஒரே இடத்துல தொட்டாலே உயிர் போகுது, ஒத்தக் கால்ல குதிச்சா தாங்க முடியலைன்னா ஓட்டத்த அன்னிக்கே நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. எலும்புல நூல் மாதிரி விரிசல் விட்டிருக்கலாம், ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமக்கூடப் போகும். வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓடுறது மட்டும் வேண்டவே வேண்டாம், வலியும் மறைஞ்சிடும், வேர்த்துக் கொட்டுற நேரத்துல கிட்னிக்கும் கெடுதல்.

ஷூ விஷயம்: அடிப்பாகத்துல கார்பன் தகடு (கார்பன் பிளேட்) வச்ச விலை ஜாஸ்தி ஷூ வேகமா ஓடுறவங்களுக்கு. உங்களுக்கு அதுல பாதிக்கும் கீழயே நல்லது கிடைக்கும். சாயங்காலமா கடைக்குப் போங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். இல்லன்னா 15 கி.மீ. தாண்டினதும் நகம் கறுத்துப் போயிடும்.

எனக்கு வயசு 56, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறேன். 10 கி.மீ. ஓடலாம்னு ஆசைப்படலாமா? – கோவை வாசகர்

தாராளமா. சென்னை மேயரா இருந்த மா.சுப்பிரமணியன் சர்க்கரையை வச்சுக்கிட்டே அம்பது வயசுக்கு மேல ஓட ஆரம்பிச்சு நூத்துக்கும் மேல ஹாஃப் மாரத்தான் (21.1 கி.மீ.) முடிச்சவர்தானே. ஆனா முதல்ல டாக்டர்கிட்ட போய் இதயத்தைப் பரிசோதிச்சுக்கோங்க, ட்ரெட்மில் டெஸ்ட் தேவையான்னு அவர் சொல்லட்டும். சில மாத்திரைகளும் இன்சுலினும் ஓட்டத்தோட சேந்து சர்க்கரையைச் சட்டுனு இறக்கிடும், அது ஓடும்போதுதான் வரணும்னு இல்ல, அன்னிக்கு ராத்திரி தூக்கத்துலகூட வரலாம். அதனால அளவை மாத்தணுமான்னு கேட்டுக்கோங்க, நாமளா நிறுத்தக் கூடாது. பாக்கெட்ல குளுக்கோஸோ நாலு மிட்டாயோ எப்பவும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்க, கொப்புளம் வந்தாலும் உங்களுக்கு உணர்வு தெரியாமப் போகலாம். மத்தபடி உங்க ஊர் ரேஸ்கோர்ஸ் மாதிரி நடைபாதை எத்தனை ஊருக்குக் கிடைச்சிருக்கு!

ரேஸுக்கு முந்தின நாள் பிரியாணி சாப்பிடலாமா? இளநீர் நல்லதா? – ரெண்டையும் கேட்டு நெறைய பேர்

பிரியாணிய ரேஸ் முடிஞ்சு சாப்பிடுங்க. முந்தின நாள் சோறு, இட்லி, இடியாப்பம்னு பழகினதையே எண்ணெய், காரம் கம்மியா சாப்பிட்டு ராத்திரி சீக்கிரம் முடிச்சிடுங்க. காலைல ஒரு வாழைப்பழம், வழக்கமா குடிக்கிற காபி. இதையெல்லாம் ஞாயித்துக்கிழமை ஓட்டங்கள்லயே பழகிப் பாத்திருக்கணும். ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஓடுறவங்க நடுவுல பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம், ஓடுறவங்களுக்குன்னு பாக்கெட்ல விக்கிற சர்க்கரை ஜெல்தான் வேணும்னு இல்ல.

இளநீர்ல பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி, வேர்வையில போறதோ பெரும்பாலும் சோடியம்தான். அதனால ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு தண்ணியில கலக்கிக் குடிங்க, முடிச்சிட்டு உப்பு போட்ட மோர். வெறும் தண்ணிய ஸ்டால் ஸ்டாலா நின்னு ரொப்பாதீங்க, ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போயி தலைவலி, வாந்தி, குழப்பம்னு ஆபத்துல கொண்டு விட்டுடும். ஓடி முடிச்சு எடை பாத்தா ஓடுறதுக்கு முன்னால இருந்ததைவிட கூடியிருந்தா, தேவைக்கு மேல குடிச்சிருக்கீங்க.

ரேஸ் அன்னிக்கு என்னென்ன கவனிக்கணும்? – வேளச்சேரி வாசகி

முந்தின ராத்திரி தூக்கம் வராது, பரவால்ல, அதுக்கு முந்தின ராத்திரி தூங்கியிருந்தா போதும். பிப்-ஐ (உங்க ரேஸ் நம்பர் சீட்டை) அப்பவே டி-ஷர்ட்ல ஊக்கு போட்டு குத்தி வைங்க. இடுக்கு, தொடை உரசுற இடத்துல வாசலின், ஆம்பளைங்க மார்க்காம்புல பிளாஸ்டர், இல்லன்னா வெள்ளை டி-ஷர்ட்ல ரத்தக்கறையோடதான் போட்டோ வரும். பிப் வாங்கப் போற எக்ஸ்போவுல (ரேஸுக்கு முன்னாடி நடக்குற கண்காட்சியில) வாங்கின புது சாக்ஸ அன்னிக்குப் போடாதீங்க. கழிப்பறை வரிசை நீளமா இருக்கும், ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.

துவக்கக் கோட்டுல சவுண்டு பாக்ஸ் அலறும், கவுண்ட்டவுன் முடிஞ்சதும் மொத்தக் கூட்டமும் பஸ்ஸப் பிடிக்கிற மாதிரி பாயும். நீங்க பாயாதீங்க. முதல் 3 கி.மீ. நீங்க பழகினதைவிட மெதுவா போங்க, எல்லாரும் தாண்டிப் போவாங்க, மனசு அடிச்சுக்கும். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ, தலைசுத்தலோ, கண்ணு இருட்டுறதோ வந்தா உடனே நின்னு பக்கத்துல இருக்கிற வாலண்டியரைக் கூப்பிடுங்க. ரேஸுக்கு முன்னால ஒரு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்திருந்தா ஓடவே ஓடாதீங்க, கட்டின காசு போனாப் போகுது. பிப்ரவரியில ஆரோவில் மாரத்தான் இருக்கு, மண் பாதை, அங்க யாரும் உங்க நேரத்தக்கூட குறிச்சு வைக்க மாட்டாங்க.